தோப்பை விற்குமுன் ஓராண்டு பார்த்து எழுதுங்கள்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கே, இன்னும் நெல் விளைகிற கிராமங்களில், வயலை ஒட்டி அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். பத்துப் பனை, நாலைந்து வேம்பு, இரண்டு புங்கம், ஓர் இலுப்பை, ஓரத்தில் காரையும் சூரையும் மண்டிய புதர் ஆகியவை அதில் இருக்கும். பாட்டன் வைத்த மாமரங்களில் பாதி காய்ப்பு ஓய்ந்திருக்கும். இந்தத் தோப்பில் என்ன வரும்படி என்று கேட்டால், "ஒன்றுமில்லை, சும்மா கிடக்கிறது" என்பதே பெரும்பாலும் பதில். அடுத்த மாதமே மனைத் தரகர் வந்து நிற்கிறார்.

"சும்மா கிடக்கிறது" என்ற அந்தச் சொல்லைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறேன். வயலின் வரவு செலவைப் பட்டத்துக்குப் பட்டம் கணக்கிடுகிறோம். விதை, உரம், ஆள் கூலி, மூட்டை எல்லாம் நினைவில் இருக்கின்றன. தோப்பின் கணக்கையோ எவரும் எழுதியதில்லை. கணக்கில்லாத சொத்துக்கு, வெட்டும் நாளில் கிடைக்கும் விறகு விலையே விலையாகிவிடுகிறது. ஆகவே விற்பதானாலும், வெட்டுவதானாலும், புதரைத் திருத்துவதானாலும், அதற்கு முன் ஓராண்டுக் காலம் தோப்பைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் சொன்ன யோசனை

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிதில், பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் தம் தோப்பைக் காட்டி யோசனை கேட்டார். வயலை ஒட்டிய மூலையில் ஆள் நுழைய முடியாத புதர் இருந்தது. "இடம் வீணாகிறது. புதரை அழித்து, சருகைக் கொளுத்தி, எலுமிச்சை வையுங்கள்" என்றேன். வரப்போரம் நின்ற இலுப்பை இரண்டு வரிசை நெல்லுக்கு நிழல் கட்டுகிறது, அதையும் எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவர் அப்படியே செய்தார்.

மறு ஆண்டு சம்பா அறுவடை சமயத்தில் அந்தப் பக்கம் போனேன். வரப்பெல்லாம் எலி வளை. கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் இழுத்திருந்தது. அவர் என்னிடம், "தம்பி, நீங்க படிச்சவங்க. சொன்னீங்க, செஞ்சேன். அந்தப் புதர்ல கீரி குட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு. இலுப்பைப் பொந்துல கூகை இருந்துச்சு. ரெண்டும் போயிடுச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

புதர் போனதால்தான் எலி பெருகியது என்று அன்று என்னால் நிரூபிக்க முடியவில்லை, இன்றும் முடியாது. அந்த ஆண்டு வட்டாரம் முழுவதுமே எலித் தொல்லை இருந்திருக்கலாம். முந்தைய ஆண்டு எத்தனை வளை இருந்தது என்று அவர் எண்ணவில்லை, நானும் கேட்கவில்லை. நிழலால் குறையும் இரண்டு வரிசை நெல்லை மட்டும் எண்ணிவிட்டு யோசனை சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்த கணக்கு அது. அவர் இலுப்பையோ திரும்பி வரவில்லை.

ஊர்ப் பெயரில் மட்டும் நிற்கும் மரங்கள்

நம் பகுதி ஒரு காலத்தில் மரங்களால் அறியப்பட்ட பகுதி. திருவேற்காடு வேலமரக் காடு. அத்தலத்தின் மரமே வெள்வேல். மாங்காடு, வேப்பம்பட்டு, அத்திப்பட்டு ஆகிய பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. திருமுல்லைவாயில், தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக் கொடி சுற்றிய கதையைச் சொல்கிறது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை போடப்பட்டது. பெயர்களில் மரம் இருக்கிறது. மண்ணில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன.

சோழமண்டலக் கரையோரத்தில் இயற்கையாக வளர்ந்த காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். உயரம் குறைந்த, அடர்த்தியான, ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் காடு. இன்று அது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மரக்காணம் அருகே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்றவை சாமிக்குப் பயந்து விட்டுவைத்ததால் பிழைத்தன. சென்னைக்குள் கிண்டியில் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. அந்தக் காட்டின் செடி கொடிகளில் சிலவும், அவற்றை அண்டி வாழும் உயிர்களில் சிலவும், நம் தோப்புகளின் புதர் மூலையில் இன்னும் இருக்கின்றன. நாம் நட்டதல்ல; குயிலும் கொண்டைக்குருவியும் வௌவாலும் விதை கொண்டுவந்து போட்டவை.

விதை போடும் இந்த வேலை சாதாரணமானதல்ல. புதுச்சேரி அருகே ஆரோவில் 1968இல் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண் பொட்டலாக இருந்தது. வேகமாக வளரும் மரங்களை முதலில் வைத்து நிழல் உண்டாக்கினார்கள். நிழல் வந்தபின் பறவைகள் வந்தன. பறவைகள் வந்தபின் நாட்டு மரக் கன்றுகள் தாமாகவும் முளைத்தன. நம் தோப்பில் நிழல் ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்துவிட்டுப் பிறகு கன்று வாங்கி நடுவது எவ்வளவு சுற்று வழி என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாதவாரியாக என்ன பார்க்கலாம்?

எங்கள் குடும்பத்துக்கும் இப்பகுதியில் 60 சென்ட் தோப்பு உண்டு. சில ஆண்டுகளாக ஞாயிறு காலையில் அங்கே போய், அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்டதை எழுதுகிறேன். அதிலிருந்து சில செய்திகளைத் தருகிறேன்.

மாசி, பங்குனியில் புங்கம் இலை உதிர்த்துப் பளபளப்பான புதுத் தளிர் விடும். வேம்பு செம்பு நிறத்தில் துளிர்க்கும். இலுப்பை இரவில் பூக்கும். வௌவால்கள் தேடி வரும். விடிந்ததும் அடியில் பூ கொட்டிக் கிடப்பதைக் காணலாம். சித்திரையில் வேப்பம்பூவும் புங்கம்பூவும் தேனீக்களுக்கு உணவாகின்றன.

ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவல் பழமும் உதிரும். மைனாவும் காக்கையும் வேப்பம்பழத்தைத் தின்று கொட்டையைத் தாம் உட்காரும் மரத்தடியில் போடுகின்றன. பொறுக்கி உலர்த்தி வைத்தால் மருந்துக் கடைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி மிச்சம். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் தயார். மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

சொர்ணவாரி அறுவடை முடிந்து சம்பா நடவு நடக்கும் நாட்களில் பனையோலை நுனியில் தூக்கணாங்குருவி கூடு கட்டும். வளர்ந்த குருவி நெல்லைக் கொத்துவது உண்மையே. ஆனால் அது தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சி, புழுக்களைத்தான் ஊட்டுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் எங்கள் தோப்புக்கு ஒரு விருந்தாளி வருகிறது. அதுவே ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவுவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. சித்திரையில் திரும்பிவிடும். வந்த புதிதில் களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு. இது மரத்தில் இரை தேடுவதில்லை. நிழலில் கிடக்கும் ஈரச் சருகைப் புரட்டிப் புழு, பூச்சிகளைத் தின்கிறது. சருகைக் கொளுத்திய தோப்பில் இதற்கு இரை இல்லை. அவ்வளவு தூரம் பறந்து வரும் பறவைக்கு நம் அரை ஏக்கர் நிழலும் ஒரு கூடைச் சருகும் போதுமானதாக இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. வரும்படிக்காக மட்டும் பார்க்கத் தொடங்கினாலும், சில மாதங்களில் நீங்களும் இந்தக் குருவிக்காகக் காத்திருப்பீர்கள்.

கூகை அபசகுனமல்ல

கூகையைச் சாக்குருவி என்று சொல்லிக் கல்லெறியும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதய வடிவில் வெள்ளை முகம் உடைய இந்தப் பறவையின் முக்கிய உணவு எலி. எலியை உரோமத்தோடும் எலும்போடும் விழுங்கி, செரிக்காததை உருண்டையாக்கித் துப்பிவிடும். அது தங்கும் மரத்தடியில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். குச்சியால் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டையோடும் பற்களும் இருக்கும். இதைவிடத் தெளிவான கணக்கு வேறு வேண்டியதில்லை. மலேசியாவில் செம்பனைத் தோட்டக்காரர்கள் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்கென்றே மரப்பெட்டிகள் செய்து கம்பத்தில் வைக்கிறார்கள். நம்மிடம் பொந்துள்ள பழைய மரம் இருந்தால் பெட்டிச் செலவும் இல்லை.

கீரியும் சாரைப் பாம்பும் அதே வேலையைச் செய்கின்றன. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை; அடிப்பது குற்றம். எலிக்கு விஷம் வைத்தால், விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

அன்று நான் செய்யத் தவறியதை நீங்கள் எளிதாகச் செய்யலாம். தோப்பை ஒட்டிய வரப்பில் 50 தப்படி அளந்து கொள்ளுங்கள். தோப்புக்குத் தொலைவில் அதே அகலமுள்ள வரப்பில் இன்னொரு 50 தப்படி அளக்கவும். இரண்டிலும் உள்ள எலி வளைகளை மாலையில் மண் போட்டு மூடிவிட்டு, மறுநாள் காலையில் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். திறந்தவைதான் எலி குடியிருக்கும் வளை. தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறை, கதிர் வரும் பருவத்தில் ஒரு முறை எண்ணினால் போதும். கூடவே தோப்போரம் உள்ள நிழல் வரிசைகளில் எவ்வளவு நெல் குறைகிறது என்பதையும் தனியே அறுத்து எடை போடுங்கள். வரவும் செலவும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

எங்கள் வயலில் இந்த எண்ணிக்கையை எடுத்து வருகிறேன். ஒரு பட்டத்தில் தோப்போரம் வளை குறைவாக இருந்தது. அடுத்த பட்டத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஐந்தாறு பட்டம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு வயலின் முடிவு இன்னொரு வயலுக்குப் பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒவ்வொருவரும் தம் இடத்தில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

செலவுக் கணக்கையும் மறைக்காதீர்கள். வௌவால் மாம்பழத்தையும் சப்போட்டாவையும் கடிக்கும். கிளி கதிரை அறுக்கும். மரநாய் பழங்களைத் தின்னும். புதரில் நல்ல பாம்பும் இருக்கலாம். செருப்பும் கைவிளக்கும் இல்லாமல் போகக்கூடாது. கண்ட நஷ்டத்தையும் தேதியிட்டு எழுதினால்தான் அது கணக்கு.

மரம் எது நிற்கிறது என்பதும் ஒரு குறிப்பே. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் பல ஆயிரம் மரங்களைச் சாய்த்தது. எங்கள் தோப்பில் பின்னாளில் அழகுக்கு வைத்த செம்மயிற்கொன்றை வேரோடு விழுந்தது. வேம்பு கிளை இழந்தது. பனைகள் அனைத்தும் நின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். புயல் கடந்த பிறகு பனையைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

குறிப்பேட்டின் மதிப்பு

ஒரு சிறு விவசாயி எழுதும் குறிப்பால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்டோ லியோபோல்டு என்ற பேராசிரியர் 1935இல் சத்தெல்லாம் போன ஒரு பழைய பண்ணையை வாங்கினார். குடும்பத்தோடு மரம் நட்டார். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பறவை என்று வந்தது என்று எழுதி வைத்தார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின், அந்தத் தேதிகளை இன்றைய தேதிகளோடு ஒப்பிட்ட விஞ்ஞானிகள், பல செடிகள் முன்னதாகவே பூக்கத் தொடங்கிவிட்டதை அறிந்தார்கள். நம் சென்னையிலும் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை, கண்ட பறவை, மிருகம், மரங்களைப் பற்றி ஆங்கில நாளிதழில் விடாமல் எழுதினார். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். இவர்களில் பலர் நகரவாசிகள். தினமும் வயலில் நிற்கும் நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம். நாம் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுமை யாருக்கு?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "ஊர் நன்மைக்காக மரத்தை வைத்திரு" என்று கடனில் இருக்கும் விவசாயியிடம் சொல்வது நியாயமல்ல. எங்கள் தோப்பையே விற்றுவிடலாம் என்பது என் அண்ணனின் எண்ணம். அவருக்கு மகள் கல்யாணம் இருக்கிறது. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவரிடம் ஆறுமணிக் குருவியைக் காட்டி மறுக்க எனக்கு என்ன உரிமை? வரும் தை மாதம் கூடிப் பேசுவதாக இருக்கிறோம். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அதுவரை மரம் எதையும் வெட்ட வேண்டாம், பேசும்போது நோட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். வயல் ஓரத்துப் பாதியை வைத்துக்கொண்டு சாலை ஓரத்துப் பாதியைக் கொடுக்கும் யோசனையும் அதில் இருக்கிறது. எந்தப் பாதியில் பொந்து மரம் நிற்கிறது, எந்தப் பாதியில் புதர் இருக்கிறது என்பது எழுதி வைத்ததால் இப்போது தெரிகிறது.

செம்பரம்பாக்கம் ஏரி நீரைச் சென்னை குடிக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள மரங்களின் நிழலும் குளிர்ச்சியும் நகரத்துக்கும் பயன்தான். அதன் செலவை மட்டும் சிறு விவசாயி தனியாகச் சுமக்கிறார். நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின் மூலம் விவசாயிகளுக்கு மரக்கன்றுகள் இலவசமாக வழங்கப்பட்டிருக்கின்றன, வரவேற்கத்தக்கது. கன்று நடுகிறவருக்கு உதவுவது போல, ஐம்பது ஆண்டு நின்ற மரத்தைக் காத்து நிற்பவருக்கும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையாவது உதவ வேண்டும் என்பது என் கருத்து. நடும் விழாவில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றுவது சுலபம். ஐம்பது கோடை கடப்பதுதான் கடினம்.

செய்ய வேண்டியது

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, மரம், இலை அல்லது பூ அல்லது காய், கண்ட உயிரினமும் அது செய்துகொண்டிருந்த வேலையும், வயலில் கண்ட நன்மை தீமை என ஐந்து கட்டம் போடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், அரை மணி போதும். பெயர் தெரியாத பறவையை நிறமும் குரலும் எழுதிக் குறித்தால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் எழுதும் வேலையைக் கொடுங்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. ஓராண்டு வரை சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே விடுங்கள். பொந்துள்ள மரத்தையும் புதர் மூலையையும் தொடாதீர்கள். எலி, புழு சம்பந்தமான சந்தேகங்களுக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஓராண்டு முடிந்து கணக்கைப் பார்த்தபின் விற்பது என்று நீங்கள் முடிவு செய்தால், அது தெரிந்து செய்த முடிவு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தெரியாமல் வெட்டியதற்கு மட்டுமே நான் வருந்துகிறேன். சித்திரையில் வேம்பு பூக்கும் நாளில் தொடங்கலாம். அதற்கு முன்பே, இந்த ஞாயிறன்று தொடங்கினால் இன்னும் நல்லது.